எந்த விதையை எடுத்து வைக்கலாம்?
குடியானவர் அறிய வேண்டிய சில உயிர்நூற் சொற்கள்

'சுரை விதைத்தால் அவரை முளைக்குமா?' என்பது கிராமங்களில் வழங்கும் பழமொழி. தாய்ச்செடியின் குணம் விதையின் வழியாகச் சந்ததிக்குச் செல்கிறது என்பதை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்று. ஆயினும் இப்பழமொழி பாதி உண்மையையே உரைக்கின்றது. சுரை விதைத்தால் சுரைதான் முளைக்கும். ஆனால் எந்தச் சுரை முளைக்கும் என்பதற்கு அதில் விடை இல்லை. நீளச்சுரையின் விதையை ஊன்றியவர் கொல்லையில் குடச்சுரை காய்ப்பதும் உண்டு. நல்ல நெல்லை விதைத்தவர் வயலில் நெட்டையும் குட்டையுமாகக் கதிர் தள்ளுவதும் உண்டு. இது விதியின் செயலுமன்று, மண்ணின் தோஷமுமன்று. பூவுக்குள் நடைபெறும் காரியம் இன்னதென்று அறியாமையே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும்.

உயிரணு, சுவாசம், மகரந்தச் சேர்க்கை, மரபணு, கலப்பினம் ஆகிய சொற்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்கின்றனர். அச்சொற்கள் உண்மையில் வயல் வரப்புக்கு உரியவை. அவற்றின் பொருளை அறிந்த குடியானவர், தம் விளைச்சலில் எதனை விதைக்கு எடுத்து வைக்கலாம், எதனைப் பருவந்தோறும் புதிதாக வாங்க வேண்டும் என்பதைத் தாமே தீர்மானித்துக் கொள்ளக் கூடும். அறியாதவர் இரண்டு வகையில் நஷ்டமடைகிறார். வாங்க வேண்டாத விதையைப் பணங்கொடுத்து வாங்குகிறார். எடுத்து வைக்கத் தகாத விதையை எடுத்து வைத்து ஒரு போகத்தை இழக்கிறார்.

விதை உயிருள்ள பொருள்

எல்லாச் செடிகளும் பிராணிகளும் உயிரணுக்களால் ஆனவை. வீட்டுச் சுவருக்குச் செங்கல் எப்படியோ, செடிக்கு உயிரணு அப்படி; ஆனால் ஒவ்வோர் உயிரணுவும் தானே உண்டு, சுவாசித்து, இரண்டாகப் பிரிந்து பெருக வல்லது. 1665ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேயர் தக்கைத் துண்டு ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து நோக்கித் தேன்கூட்டின் அறைகளைப் போன்ற அமைப்பைக் கண்டு எழுதினார். அதுவே உயிரணு பற்றிய முதற் குறிப்பாகும்.

ஒரு நெல்மணியை எடுத்துக் கொள்ளலாம். அதன் மேலே உமி. உமிக்குள் தவிட்டுப் படலம். அதற்குள் வெள்ளை அரிசி. அரிசியின் அடிமூலையில் சிறு புள்ளி போன்ற கரு. இக்கருவே வருங்கால நாற்று. இதில் முளைவேரும் முளைக்குருத்தும் முன்னரே அமைந்திருக்கின்றன. மனிதர் உண்ணும் அரிசியோ, இக்கருக்குழந்தை தானே உணவு தயாரிக்கும் வரையில் உண்பதற்காகத் தாய்ச்செடி கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு. தீட்டிய அரிசி முளைக்காதது ஏனெனில், தீட்டும்போது கரு தவிட்டோடு போய்விடுகிறது. புழுக்கிய நெல் பார்வைக்கு முழு நெல்லாகவே இருந்தும் முளைக்காதது ஏனெனில், வெந்நீரின் சூட்டில் கருவின் உயிரணுக்கள் இறந்து போகின்றன. ஆகவே மணியின் தோற்றம் வேறு, மணியின் உயிர் வேறு.

உயிருள்ளது எதுவும் சுவாசிக்கும். பத்தாயத்தில் உறங்கும் விதையும் மிக மெதுவாகப் பிராணவாயுவை ஏற்று, தன் உணவை எரித்து, கரியமில வாயுவையும் நீரையும் சூட்டையும் வெளிவிடுகிறது. விதை ஈரமாயிருந்தால் இச்சுவாசம் வேகமடையும். ஈர நெல்லை அம்பாரமாகக் குவித்து மறுநாள் கையை நுழைத்துப் பார்த்தால் சூடு தெரிவதன் காரணம் இதுவே. சூடு ஏற ஏற விதை தன் கட்டுச்சோற்றை வீணில் எரித்துத் தீர்க்கிறது. பூஞ்சணமும் வண்டும் உடன் சேர்ந்து கருவைக் கெடுக்கின்றன.

விதை சாஸ்திரத்தில் ஹாரிங்டன் என்பவர் வகுத்த எளிய கணக்கு ஒன்று உண்டு. விதையின் ஈரம் 14 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் வரையிலான எல்லைக்குள், ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய இரு மடங்காகும். வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அவ்வாறே. சான்று விதை நெல்லுக்கு ஈரம் 13 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்று விதி இருப்பதும், பெரியோர் விதை நெல்லைப் பலமுறை வெயில் காட்டிப் பின் கோட்டை கட்டி வைத்ததும் இக்காரணம் பற்றியே.

விதையில் உயிர் உள்ளதா என்பதைக் கண்ணால் அறிய இயலாது. முளைக்க வைத்தே அறிய வேண்டும். மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் கைவந்தபடி எடுத்த நெல்லில், பொறுக்காமல் 100 மணிகளை எண்ணி, நனைத்த சாக்கில் பரப்பிச் சுருட்டி, ஈரம் காயாமல் நிழலில் வைத்து, 14ஆம் நாள் நல்ல வேரும் குருத்தும் விட்டவற்றை மட்டும் எண்ணுக. எண்பதும் அதற்கு மேலும் இருப்பின் விதைக்கு ஏற்றது. குறைந்தால், விதையளவைக் கூட்டிச் சரிக்கட்டலாம் என்று எண்ணுவது தவறு. பாதி விதை இறந்த குவியலில் எஞ்சிய பாதியும் நலிந்தே இருக்கும்.

இங்கு ஒன்று கவனிக்கற்பாலது. அறுவடையான புதிதில் சில ரகங்களின் விதை உயிருடன் இருந்தும் சில வாரங்கள் முளைக்காது. இதற்கு விதையுறக்கம் என்று பெயர். இவ்வுறக்கம் இல்லாத ரகங்கள் அறுவடைக் காலத்து மழையில் கதிரிலேயே முளைத்து விடுகின்றன. புதுநெல் சோதனையில் முளைக்காவிடில் உடனே தள்ளிவிடாது, சில வாரம் கழித்து மறுபடியும் சோதித்தல் வேண்டும்.

பூவுக்குள் நடப்பது

விதையின் உயிர் களத்திலும் பத்தாயத்திலும் காக்கப்படுகிறது. விதையின் குணமோ பூவிலேயே முடிவாகி விடுகிறது. பூவின் ஆண் உறுப்பு மகரந்தக் கேசரம். அதன் நுனிப் பையில் மகரந்தப் பொடி உண்டாகிறது. பெண் உறுப்பின் உச்சி சூல்முடி, அடிப்பாகம் சூற்பை. மகரந்தம் சூல்முடியின்மேல் வந்து படிவது மகரந்தச் சேர்க்கை. படிந்த பொடி மெல்லிய குழல் ஒன்றை விட்டுச் சூற்பைக்குள் இறங்கி, ஆண் அணுவைப் பெண் அணுவோடு சேர்ப்பது கருவுறுதல். முன்னது பின்னதற்கு வழி, இரண்டும் ஒன்றல்ல. நெல் பூக்கும் வேளையில் வெப்பம் 35 டிகிரிக்கு மேற்படின், மகரந்தம் கெட்டுக் கருவுறுதல் தவறுகிறது. அப்பூக்கள் பதராகின்றன.

பூக்கும் செடிகளில் இரட்டைக் கருவுறுதல் நிகழ்கிறது என்பதை 1898ஆம் ஆண்டில் நவாஷின் என்னும் ருஷிய அறிஞர் கண்டறிந்தார். மகரந்தக் குழலில் இரண்டு ஆண் அணுக்கள் வருகின்றன. ஒன்று பெண் அணுவோடு கூடிக் கருவாகிறது. மற்றொன்று வேறு உட்கருக்களோடு கூடி அக்கருவுக்கு உணவாகும் பகுதியாகிறது. எனவே மணியின் உட்பகுதியிலும் தந்தையின் பங்கு உண்டு. இதனைக் கண்ணாரக் காண விரும்புவோர், மஞ்சள் மக்காச்சோளத்தின் அருகே விளைந்த வெள்ளை மக்காச்சோளக் கதிரை உரித்துப் பார்க்கலாம். வெள்ளை முத்துகளிடையே ஆங்காங்கே மஞ்சள் முத்துகள் தோன்றும். அவை அயல் வயலிலிருந்து காற்றில் வந்த மகரந்தத்தின் பிள்ளைகள்.

பெரும்பாலான பயிர்களில் இத்தகைய அடையாளம் எதுவும் மணியில் தெரியாது. கலப்பு நேர்ந்தும் மணி பழைய மணியாகவே தோன்றும். அடுத்த போகத்தில் செடி வளர்ந்த பின்னரே வேறுபாடு வெளிப்படும். விதை எடுப்பவர் ஏமாறும் இடம் இதுவே.

மரபு என்பது யாது?

ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் குரோமோசோம்கள் என்னும் நுண்ணிய இழைகள் இருக்கின்றன. நெல்லுக்கு 24, கம்புக்கு 14. இவை சோடி சோடியாக அமைந்தவை. சோடியில் ஒன்று தாய்வழி, மற்றொன்று தந்தைவழி. இவற்றின்மேல் வரிசையாக அமைந்து, உயரம், நிறம், வயது, நோய் தாங்கும் சக்தி முதலிய குணங்களை நிர்ணயிப்பவை மரபணுக்கள். மகரந்தமும் சூலும் உண்டாகும்போது சோடிகள் பிரிந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இழை மட்டுமே செல்லும். கருவுறும்போது மறுபடியும் சோடி நிறைவுறும்.

இப்பிரிவினையின் கணக்கை முதன்முதலில் விளக்கியவர் கிரிகோர் மெண்டல் என்னும் பாதிரியார். இக்காலத்தில் செக் நாட்டிலுள்ள புருனோ நகரத்து மடத்தின் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளை வளர்த்து அவர் இதனை ஆராய்ந்தார். உருண்டை மணிப் பட்டாணியையும் சுருங்கிய மணிப் பட்டாணியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டையாகவே இருந்தன. அவற்றைத் தம்முள்ளேயே கருவுற விட்டபோது, இரண்டாம் தலைமுறையில் 5,474 உருண்டை மணிகளும் 1,850 சுருங்கிய மணிகளும் கிடைத்தன. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. முதல் தலைமுறையில் மறைந்த குணம் அழியவில்லை. ஒளிந்திருந்து மீண்டும் தலைதூக்கிற்று. தோன்றும் குணத்தை ஓங்கு குணம் என்றும், மறைந்திருப்பதை ஒடுங்கு குணம் என்றும் கூறுவர். 1866இல் அச்சான இவ்வுண்மையை உலகம் 1900ஆம் ஆண்டில்தான் மீண்டும் கண்டெடுத்துப் போற்றியது.

இதிலிருந்து குடியானவர் கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. செடியின் புறத்தோற்றம் வேறு, அதன் மரபமைப்பு வேறு. எருக்குழி ஓரத்திலும் வாய்க்கால் மடையிலும் நிற்கும் பயிர் கொழுத்துக் கதிர் பெருத்திருக்கும். அது உணவால் வந்த பெருமை, மரபால் வந்ததன்று. 1903ஆம் ஆண்டில் டென்மார்க்கு தேசத்து ஜோஹான்சென் என்பவர் ஒரே தூய வழியில் வந்த அவரையினத்துப் பயிரில் பெரிய விதையையும் சிறிய விதையையும் தனித்தனியே விதைத்துப் பார்த்தார். இரண்டின் சந்ததியிலும் விதையின் சராசரி அளவு ஒன்றாகவே இருந்தது. ஆகையால், கதிர் பொறுக்குவோர் மடையோரத்தையும் வரப்போரத்தையும் விடுத்து, வயலின் நடுவில், அண்டைப் பயிர்களுக்குக் கிடைத்த அதே உணவை உண்டும் அவற்றினும் மேலாக விளைந்த செடியிலேயே கதிர் எடுத்தல் வேண்டும். கனத்த மணியைத் தேர்ந்து விதைப்பதால் நாற்று வீரியமாக எழும் என்பது உண்மை. அதனால் ரகம் உயர்ந்து விடாது.

நெல்: எடுத்து வைக்கலாம்

நெற்பூ காலை வேளையில் ஏறக்குறைய ஒரு மணி நேரமே திறந்திருக்கும். அதில் ஆறு கேசரங்களும் இறகு போன்ற இரண்டு சூல்முடிகளும் உண்டு. பூ விரியும் தறுவாயிலேயே மகரந்தப் பை வெடித்து, பொடி அதே பூவின் சூல்முடியில் விழுந்து விடுகிறது. வெளியே போன பொடியும் சில நிமிஷங்களுக்குள் சக்தி இழந்து விடும். இவ்விதம் தன் மகரந்தத்தாலேயே கருவுறுதல் தன் மகரந்தச் சேர்க்கை எனப்படும். நிலக்கடலை, உளுந்து முதலியனவும் பெரும்பாலும் இவ்வகையே. நெல்லில் இயற்கையாக அயற்கலப்பு நேர்வது வழக்கமாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

தன் மகரந்தத்தால் தலைமுறை தலைமுறையாகக் கருவுறும் பயிரில், வேறுபட்ட மரபணுச் சோடிகள் ஒவ்வொரு தலைமுறையிலும் பாதியாகக் குறையும். ஆறு தலைமுறைகளில் அறுபத்து நான்கில் ஒரு பங்கே எஞ்சும். இவ்வாறு நிலைபெற்ற வழியே தூய வழி. தூய வழியான நெல் ரகம் தாயைப் போலவே பிள்ளையைத் தரும். அதனால் ரக நெல்லைத் தம் வயலிலேயே விதைக்கு எடுத்து வைப்பதில் உயிர்நூல் வழியாக யாதொரு தடையும் இல்லை. 1912ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்ட பின், கோணாமணி என்னும் நெல்லில் தானாகத் தோன்றிய திடீர் மாற்றத்திலிருந்து தெரிந்தெடுத்து, 1921இல் வெளியிடப்பட்ட ஜி.இ.பி. 24 என்னும் ரகம் இதற்குச் சிறந்த உதாரணம். கிச்சிலிச் சம்பா என்று வழங்கிய அது எத்தனையோ வயல்களில் எத்தனையோ போகம் விளைந்தும் தன் மரபை இழக்கவில்லை. டி.கே.எம். 6 என்னும் ரகத்துக்கு அது ஒரு பெற்றோர், டி.கே.எம். 6, ஐ.ஆர். 20 ரகத்துக்கு ஒரு பெற்றோர்.

அவ்வாறாயின் நெல் வயலில் கலவன் வருவதெப்படி? பூவினால் அன்று, கையினால். களத்தில் முன்னடித்த நெல்லின் மிச்சம், உதறாத சாக்கு, துப்புரவு செய்யாத அறுவடை இயந்திரம், முன்போகத்தில் உதிர்ந்து தானே முளைத்த நெல் ஆகியவையே கலவனின் பிறப்பிடம். ஒரு கிலோ நெல்லில் சுமார் 40,000 முதல் 50,000 மணிகள் உண்டு. ஏக்கருக்கு 24 கிலோ விதைப்பவர் பத்து லட்சம் மணிகளை இடுகிறார். அதில் நூற்றுக்கு ஒன்று கலவனாயினும் பதினாயிரம் மணிகள் வேறு ரகம். அவை முன்னோ பின்னோ முதிர்ந்து, ஆலையில் நொய்யாகி, விலையைக் குறைக்கும். சான்று விதைப் பயிரில் ஆயிரம் செடிக்கு இரண்டு கலவனுக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. விதைக்கென ஒதுக்கிய பாத்தியில் பூக்கும் காலத்தும் முதிரும் காலத்தும் நடந்து, உயரத்திலும் நிறத்திலும் மீசையிலும் மாறுபட்ட செடிகளை வேரோடு களைந்தால், விதை தூயதாகும். வேறு ரகத்து வயலுக்கும் விதைப் பாத்திக்கும் 3 மீட்டர் இடைவெளி போதும்.

கம்பு: ஊரோடு கூடி எடுத்து வைக்கலாம்

கம்பின் வழக்கம் இதற்கு நேர் மாறானது. அதன் கதிரில் முதலில் சூல்முடிகள் வெளிவருகின்றன. அதே கதிரின் மகரந்தப் பைகள் சில நாள் கழித்தே வருகின்றன. இதற்கிடையில் அயற்கதிரின் பொடி காற்றில் வந்து சூல்முடியில் படிந்து விடும். இது அயல் மகரந்தச் சேர்க்கை. இங்கே களமும் சாக்கும் எவ்வளவு சுத்தமாயிருந்தாலும் பயனில்லை. பட்டா எண்ணும் எல்லைக்கல்லும் காற்றுக்குத் தெரியா. கம்பு ரகத்தின் சான்று விதைக்கு 200 மீட்டர் சுற்றளவில் வேறு கம்பு இருத்தலாகாது. துவரையின் பூவில் வண்டும் தேனீயும் மகரந்தத்தைக் கொண்டு செல்வதால் அதற்கு 100 மீட்டர் இடைவெளி வேண்டும்.

ஐந்தாறு ஏக்கர் உடைய ஒருவருக்கு 200 மீட்டர் தூரத்தைத் தாமாக ஒதுக்குதல் பெரும்பாலும் இயலாது. அண்டை நிலத்தார் யாவரும் ஒரே ரகத்தை விதைப்பதே எளிய வழி. அப்போது காற்றில் வரும் பொடியும் அதே ரகத்தின் பொடியாகும். ஊர் கூடிச் செய்ய வேண்டிய இக்காரியத்தில் கிராம அதிகாரிகளின் நல்லெண்ணமும் முயற்சியும் பெரிதும் பயன்படும். வாய்க்கால் தூர்வார ஊரைக் கூட்டுவது போலவே, விதைப்புக்கு முன் ஒருநாள் கூட்டி, இன்ன பகுதியில் இன்ன ரகம் என்று உடன்பாடு செய்தல் நலம்.

மேலும், அயல் மகரந்தத்தால் வாழும் பயிரில் நாலைந்து பெருங்கதிர்களை மட்டும் தெரிந்தெடுத்து அவற்றின் மணியையே விதைத்து வருவது கேடு. நெருங்கிய உறவுக்குள் மீண்டும் மீண்டும் கலப்பு நேர்ந்து, மறைந்திருந்த ஒடுங்கு குணங்கள் வெளிப்பட்டுப் பயிர் சோர்ந்து போகும். வயலின் நடுப்பகுதியில் சில நூறு நற்கதிர்களிலிருந்து விதை எடுத்துக் கலந்து வைத்தலே தக்க முறை.

வீரிய ஒட்டு: எடுத்து வைக்கலாகாது

வேறுபட்ட மரபுடைய இரண்டு வழிகளைக் கலந்தால் முதல் தலைமுறை பெற்றோர் இருவரையும் மிஞ்சி விளைவதுண்டு. இது கலப்பு வீரியம். இவ்வாறு கிடைக்கும் விதையே வீரிய ஒட்டு விதை. நெல்லில் இதனைச் செய்தல் அரிது; தன் பொடியாலேயே கருவுறும் ஒவ்வொரு பூவிலும் ஆண் உறுப்பைக் கையால் நீக்கி மூட்டை மூட்டையாக விதை செய்ய முடியாது. 1970ஆம் ஆண்டில் சீனத்தின் ஹைனான் தீவில், மகரந்தம் பயனற்ற காட்டு நெற்செடி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. யுவான் லாங்பிங் என்னும் அறிஞரின் குழுவினர் அக்குணத்தைப் பயிர் நெல்லில் புகுத்தினர். 1976 முதல் சீனக் குடியானவர்கள் வீரிய ஒட்டு நெல்லைப் பரவலாக விதைக்கத் தொடங்கினர். பின்னர் அம்முறை இந்தியாவுக்கும் வந்தது.

ஒட்டு நெல் விளைந்த வயலைப் பார்த்தவர், இவ்வளவு நன்றாக விளைந்த நெல்லை ஏன் விதைக்கு வைக்கலாகாது என்று கேட்பது இயல்பே. விடை மெண்டலின் பட்டாணியில் இருக்கிறது. வயலில் நிற்பது முதல் தலைமுறை. அதன் மணியோ இரண்டாம் தலைமுறை. முதல் தலைமுறையில் எல்லாச் செடிகளும் ஒரே மாதிரி. இரண்டாம் தலைமுறையிலோ ஒளிந்திருந்த குணங்கள் யாவும் பிரிந்து வெளிப்படும். ஒரு சோடி மரபணு வேறுபட்டிருப்பின், பிள்ளைகளில் பாதிச் செடிகளே தாயின் கலப்பு நிலையில் இருக்கும். தனித்தனியே பிரிந்து செல்லும் பத்துச் சோடிகள் வேறுபட்டிருப்பின், பத்திலும் தாயைப் போன்ற கலப்பு நிலையில் இருப்பது 1,024 செடிகளில் ஒன்றே. உண்மையில் வேறுபடும் சோடிகள் பத்தினும் மிகப் பல. ஆகவே அவ்விதையை இட்ட வயலில் நெட்டையும் குட்டையும், முன் முதிர்வதும் பின் முதிர்வதும், சன்னமும் மோட்டாவும் கலந்து நிற்கும். அன்றியும், மகரந்தம் பயனற்ற குணமும் சில செடிகளில் மீண்டும் தோன்றி, அக்கதிர்கள் பெரும்பாலும் பதராகும். உழவும் எருவும் நீரும் கூலியும் முழுமையாகச் செலவாகி, விளைச்சல் மட்டும் குறையும். விதையில் மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபாய் அறுவடையில் பன்மடங்காகப் போய்விடும்.

வீரிய ஒட்டு விதையைப் பருவந்தோறும் வாங்க நேர்வது வியாபாரிகளின் சூழ்ச்சி என்று சிலர் கருதுகின்றனர். விலை நியாயமா என்பது வேறு வழக்கு. ஆனால் அவ்விதை மறுபோகத்துக்கு ஆகாது என்பது இயற்கையின் கணக்கு. வாங்க இயலாதவர் ஒட்டை விடுத்து ரக நெல்லை நாடுவதே உசிதம். ஒட்டின் பிள்ளையை விதைத்தல் இரண்டுக்கும் இல்லாத வழி.

கரும்பு: பூவே வேண்டாம்

இங்கு ஓர் ஐயம் எழலாம். கோயமுத்தூரில் 1912இல் ஏற்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1918இல் வெளியான கோ. 205 முதலிய கரும்புகளும் கலப்பினங்களே. அவற்றின் கரணையைக் குடியானவர்கள் ஆண்டுதோறும் தங்கள் தோட்டத்திலிருந்தே எடுத்து நடுகின்றனரே, அவை ஏன் பிரிந்து சீர்கெடவில்லை?

கரணை விதையன்று, தாய்ச்செடியின் உடலிலிருந்து வெட்டிய துண்டு. அங்கே மகரந்தமும் இல்லை, சூலும் இல்லை. குரோமோசோம் சோடிகள் பிரிவதும் இல்லை. உயிரணுக்கள் தம் மரபை முழுமையாகப் படியெடுத்துப் பெருகுகின்றன. இது பாலிலா இனப்பெருக்கம். வாழைக் கன்றும் மாவின் ஒட்டுக்கன்றும் மஞ்சள் கிழங்கும் இவ்வகையே. மாங்கொட்டையை ஊன்றினால் தாயின் சுவை பெரும்பாலும் கிட்டாது, ஒட்டுக்கன்றில் கிட்டும். பெயர் ஒன்றாயினும், மாவின் ஒட்டு வேறு, நெல்லின் வீரிய ஒட்டு வேறு. ஆனால் இவ்வழியில் மரபோடு நோயும் கூடவே வரும். செவ்வழுகல் கண்ட கரும்பிலிருந்து கரணை எடுத்தவர் நோயையும் சேர்த்தே நடுகிறார். ஆதலால் நோயற்ற தோட்டத்துக் கரணையையே தேர்தல் அவசியம்.

செய்ய வேண்டுவன

விதைக்கு எடுப்பதற்கு முன், 'இப்பயிர் எவ்விதம் கருவுறுகிறது?' என்று கேட்டுக் கொள்ளுதல் முதற்கடமை. தன் மகரந்தச் சேர்க்கையுடைய ரகமாயின் எடுத்து வைக்கலாம். களத்தையும் சாக்கையும் காக்க வேண்டும். அயல் மகரந்தச் சேர்க்கையாயின் அண்டை வயலோடு உடன்பாடு வேண்டும். வீரிய ஒட்டாயின் வைக்கவே கூடாது. கரணையும் கன்றுமாயின் நோயைப் பார்க்க வேண்டும்.

விதை நெல்லைத் தனியே அறுத்து, தனியே அடித்து, நன்கு உலர்த்தி, புதிய அல்லது உதறி உலர்த்திய சாக்கில், ரகத்தின் பெயரும் அறுவடை நாளும் எழுதி வைக்க. விதைக்கும் முன் 10 லிட்டர் நீரில் சுமார் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்து, புதிய கோழிமுட்டை ஒரு காசளவு மேலே தெரியும்படி மிதக்கும் பதத்தில், விதையை இட்டு, மிதப்பதை நீக்கி, அமிழ்ந்ததை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிக் கொள்க. கட்டுச்சோறு நிறைந்த மணி அமிழும். பதரும் அரைமணியும் மிதக்கும்.

வாங்கும் விதையானால், சான்று விதை மூட்டையில் நீல அட்டையும், ஆதார விதையில் வெள்ளை அட்டையும் இருக்கும். அட்டையிலுள்ள ரகப் பெயர், முளைப்புத் திறன், காலக்கெடு ஆகியவற்றைப் படித்து, ரசீது பெற்று, அறுவடை வரை அட்டையையும் ரசீதையும் பத்திரப்படுத்துதல் வேண்டும். விதை பொய்த்தால் முறையிட அவையே ஆதாரம். அட்டையைப் படிக்க இயலாதவருக்கு ஊரிலுள்ள படித்தோர் உதவுதல் கடமை.

விதை எடுத்து வைக்கும் உரிமைக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2001ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற ரகமாயினும் அதன் விளைச்சலைக் குடியானவர் விதைக்கு எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பிறருக்குக் கொடுத்து மாற்றிக் கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். வியாபாரப் பெயரும் அடையாள அட்டையும் இட்டு விற்பது மட்டுமே கூடாது. இதனை அறியாமல் அஞ்சுவோர்க்குக் கிராம அதிகாரிகள் எடுத்துரைத்தல் நலம்.

சட்டம் அளித்த உரிமையும் உயிர்நூல் காட்டும் எல்லையும் சேர்ந்தாலே முழுப்பயன் உண்டாகும். வீட்டில் உயிரியல் பாடம் படிக்கும் பிள்ளை இருப்பின், நெல் பூக்கும் நாளில் காலையில் அதனை வயலுக்கு அழைத்துச் சென்று ஒரு பூவைப் பிரித்துக் காட்டச் சொல்லலாம். ஆறு கேசரத்தையும் இரண்டு சூல்முடியையும் பிள்ளை காட்டும். எந்தக் கதிரை விதைக்கு விடலாம் என்பதைத் தகப்பன் காட்டலாம்.